பேச்சுத் தாமதமும் கற்றல் பின்னடைவும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

அந்தந்த வயதில் வர வேண்டிய மழலையும் சொல்லும் தொடரும் தள்ளிப்போவது பேச்சுத் தாமதம். ஆறு மாதத்துக்கு மேல் ‘பபப’, ‘மமம’ என்ற அடுக்கொலி, ஒரு வயதையொட்டிப் பொருளறிந்து சொல்லும் முதல் சொல், இரண்டு வயதில் ‘அப்பா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பது ஆகியவை பொதுவான அளவுகோல்கள். ரயிலை ‘யயில்’ என்பதும் பழத்தைப் ‘பயம்’ என்பதும் இதில் சேரா. ரகரமும் ழகரமும் பள்ளி சேரும் வயதுவரை திருந்தாமலிருப்பது இயல்பே. சொற்களை எண்ணுவதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை வேறு: ஒரு வயதுக்கு மேலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, வேண்டியதைச் சுட்டுவிரலால் காட்டாதது, வந்த சொற்கள் நின்றுபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கச் சொல்பவர்களுக்குக் குறைவில்லை. ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்’, ‘இவங்க மாமனும் நாலு வயசுலதான் வாயத் தெறந்தான்’ என்ற ஆறுதல் இவ்வட்டாரத்தில் எந்த வீட்டிலும் கிடைக்கும். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவுவது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’, ‘பேர் சொல்லா மருந்து’ என்றெல்லாம் பெயர். கையில் கட்டினால் கெடுதலில்லை. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது பாட்டுலிசம் என்ற நச்சுநோயை உண்டாக்கலாம். அடிநாக்குச் சவ்வு ஒட்டியிருப்பதால்தான் பேச்சு வரவில்லை என்று அதை வெட்டிவிடக் கேட்போரும் உண்டு. நாக்கு ஒட்டு சில எழுத்துகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம். பேச்சே வராமலிருப்பதற்கு அது காரணமாவதில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனிடமும் திருவக்கரை வக்கிரகாளியம்மனிடமும் வேண்டிக்கொள்வதை எந்த மருத்துவரும் தடுக்கப்போவதில்லை. வேண்டுதல் நிறைவேறும்வரை காது பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் இழப்பு.

காரணங்களுள் முதலில் பார்க்க வேண்டியது காது. கேளாத குழந்தைக்குப் பேச்சு வராது; ஓரளவு மட்டும் கேட்கும் குழந்தை கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்புவதால் வீட்டார் ஏமாந்துபோவார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் உள்ள தமிழ்நாட்டில் பிறவிக் கேளாமை கூடுதல் கவனத்துக்குரியது. அடுத்து வருபவை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்திருத்தல். தைராய்டுக் குறையைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்கிவிட்டால் அறிவு வளர்ச்சி காப்பாற்றப்படும். விட்டுவிட்டால் அந்த இழப்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. கைப்பேசியும் பேச்சைக் குறைக்கிறது. குழந்தையோடு மாறிமாறிப் பேச வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆனாலும் எல்லாப் பழியையும் செல்போன் மேல் போட்டுவிட்டுக் காதைப் பார்க்காமல் விடுவது இன்றைய புதுத் தவறு.

1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி தனியானது. எஞ்சியிருப்பவை 13 ஊராட்சி ஒன்றியங்கள். இங்கே உதவி கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சுகாதாரம், பள்ளிக்கல்வி, மாற்றுத்திறனாளிகள் நலம் என்று மூன்று துறைகளில் மூன்று வாசல்களாக நிற்கிறது. ஒரு வாசலில் எழுதியதை இன்னொரு வாசலுக்குச் சுமந்துபோவது பெரும்பாலும் தாயின் கையிலிருக்கும் ஃபைல்தான்.

சுகாதார வாசல் அங்கன்வாடியில் தொடங்குகிறது. 2013இல் நாடு முழுதும் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறது. சந்தேகம் தோன்றினால் மாவட்ட அளவிலான தொடக்க நிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் இம்மையங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ஒட்டியே இருக்கின்றன. இவ்வட்டாரத்துக்கு அது 2010இல் திறக்கப்பட்ட முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி போகும் வழியில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது.

திண்டிவனத்துக்காரர்கள் பல வேளைகளில் முண்டியம்பாக்கத்துக்குப் பதில் புதுச்சேரி ஜிப்மருக்குப் பஸ் ஏறுகிறார்கள். திண்டிவனம் சாலையில் ஊருக்குள் நுழையும் முன்பே கோரிமேட்டில் அது வந்துவிடும். குழந்தை மருத்துவம், காது மூக்கு தொண்டை, மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி. காலைக் கூட்டம் அதற்குக் கொடுக்கும் விலை. பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இன்னொரு இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனம். புதுச்சேரியில் சித்ரா ஷா 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளியும் அறியப்பட்டது.

பரிசோதனையில் என்ன நடக்கும்? காதில் சிறு முனையை வைத்து உட்செவியின் எதிரொலியைப் பதிவது ஓ.ஏ.இ. குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் மின்முனைகளை ஒட்டிக் கேட்பு நரம்பைச் சோதிப்பது பெரா. இரண்டிலும் வலியில்லை. குறை உறுதியானால் கேள்கருவி. அது போதாவிட்டால் காக்ளியர் கருவி. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. கருவி வைத்ததும் பேச்சு வந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறுவோர் பலர். வைத்த பிறகான பேச்சுப் பயிற்சிதான் நீண்ட வேலை. காது சரியென்றால் உளவியலாளர் வளர்ச்சி அளவையும் சமூக முதிர்ச்சியையும் கணிப்பார். ஆட்டிசம் என்று தோன்றினால் இந்தியாவுக்கென்றே உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல் உண்டு.

ஸ்பீச் தெரபி வாரத்தில் ஒன்றிரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள். மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான். எனவே நல்ல தெரபிஸ்ட் குழந்தையைவிடத் தாய்க்கும் பாட்டிக்குமே அதிகம் சொல்லிக்கொடுப்பார்: சோறூட்டும்போது கரண்டி, தட்டு, சூடு என்று பெயர் சொல்வது; குழந்தை கை நீட்டியதும் கொடுத்துவிடாமல் ஒரு கணம் நிறுத்தி ஒலிக்காகக் காத்திருப்பது; ‘சொல்லு, சொல்லு’ என்று வதைக்காமல் தானே சொல்லிக்காட்டுவது. தாய் தகப்பன் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி அறுந்துபோகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது: குழந்தையை மையத்துக்கு வரவழைக்காமல், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களை வீட்டுக்கு அனுப்புவது.

பள்ளி வயது வந்தால் கல்வித் துறையின் வாசல். ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். நெடுநாளாகத் தொகுப்பூதியத்திலேயே வேலை செய்பவர்கள். ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம், பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு இல்லம் சார்ந்த பயிற்சி இரண்டும் இவர்கள் பொறுப்பு. திண்டிவனம் நகரைச் சுற்றிய சிற்றூர்க்காரர்கள் ஒலக்கூர், மயிலம், மரக்காணம் ஆகியவற்றில் தங்கள் ஒன்றியம் எது என்று தெரிந்துவைத்திருந்தால் ஓர் அலைச்சல் மிச்சம். மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அத்திட்டம் ஈடுசெய்ய முயன்ற, கொரோனாவில் பள்ளி மூடியதால் வந்த பின்னடைவு வேறு, குழந்தையின் வளர்ச்சியிலேயே உள்ள தாமதம் வேறு. முன்னதை ஒழுங்கான கற்பித்தல் சரிசெய்துவிடும். பின்னதற்கு மதிப்பீடு தேவை.

மூன்றாவது வாசலான மாற்றுத்திறனாளிகள் நலத் துறை விழுப்புரம் பெருந்திட்ட வளாகத்தில் ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காடு இருந்தால் 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. அறிவுசார் குறைபாடு அந்த அளவுக்கு இருந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் கேட்கலாம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நிரமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை எடுத்தால் குழந்தைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயப்படுவோர் உண்டு. 5 வயதுக்குள் சான்று தரப்படுவது ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்ற பெயரில்தான். பின்னர் மறுமதிப்பீடு உண்டு.

உளவியலாளர் கணிக்கும் சமூக முதிர்ச்சி ஈவு 55 முதல் 69 என்றால் குறைபாடு 50 விழுக்காடு. 70 முதல் 84 என்றால் 25 விழுக்காடுதான். இந்த இரண்டாம் வரிசைக் குழந்தைக்கு அட்டையால் பயனில்லை, உதவித்தொகை இல்லை. வகுப்பில் ‘மந்தம்’ என்ற பெயர் மட்டும் கிடைக்கிறது. எழுத்துகள் இடம் மாறும், வாசிப்பு மட்டும் வராத குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இதனின்று வேறானது. அதற்கான சான்றிதழை 8 வயதுக்கு முன் தருவதில்லை. சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. பொதுத் தேர்வில் இக்குழந்தைகளுக்கு 1 மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதித் தருபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.