ஆட்-இன்களின் கதை: ஆட்டோலிஸ்ப் முதல் டைனமோ வரை

பி.காம். படிக்கிறவனுக்குக் கட்டடம் வரைகிற மென்பொருளோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள், பரவாயில்லை :) பதில் டாலியில் இருக்கிறது.

டாலி பழகியவர்களுக்கு டி.டி.எல். என்றால் என்னவென்று தெரியும். டாலியில் இல்லாத ஒரு ரிப்போர்ட் வேண்டுமா, பில்லில் புதிதாக ஒரு கட்டம் வேண்டுமா, யாராவது எழுதிக் கொடுத்த டி.டி.எல். கோப்பை ஏற்றிக்கொண்டால் போதும். இதை எழுதிக் கொடுத்தே பிழைக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டாலி புதுப் பதிப்பு வந்து அந்தக் கோப்பு ஓடாமல் நின்றால், எழுதியவரைத் தேடி அலைவதும் நாம்தான். இதே கதை கட்டட மென்பொருள் உலகத்தில் நாற்பது வருடமாக நடக்கிறது. பணமும் பெரிது, சண்டையும் பெரிது. நம் கல்லூரியில் சிவில் படித்துவிட்டு 'பிம் மாடலர்' வேலைக்குப் போகிற நண்பர்கள் நிறைய பேர். ரெவிட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பொத்தான் அங்கே எப்படி வந்தது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிம் என்றால் என்ன? சாதாரண வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. அது சுவர் என்று பார்க்கிற மனிதனுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிம் மாடலில் சுவருக்குத் தான் சுவர் என்று தெரியும். உயரம் இவ்வளவு, செங்கல்லா கான்கிரீட்டா, தன்மேல் எந்தக் கதவு உட்கார்ந்திருக்கிறது எல்லாம் அதனுடனேயே இருக்கும். சுவரை நகர்த்தினால் கதவும் நகரும், கதவுப் பட்டியலும் தானே திருந்தும். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு வவுச்சர் போட்டதும் லெட்ஜர், டிரயல் பேலன்ஸ் எல்லாம் தானாக மாறுகிற மாதிரி. இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே, வரைபடங்களுக்குப் பதிலாகக் கட்டடத்தின் முழு விவரத்தையும் கணினியில் வைக்கலாம் என்று எழுதிவிட்டார். அன்றைக்கு அதைத் தாங்குகிற கணினி எந்த ஆர்க்கிடெக்டின் மேசையிலும் இல்லை. அவ்வளவுதான் குறை.

மேசைக்கு வந்தது வேறொன்று. 1982-இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் சுமார் 59,000 டாலர் திரட்டி ஆட்டோடெஸ்க் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் பல மென்பொருள் யோசனைகள் இருந்தன. கம்பெனிக்குப் பெயர் கொடுத்த 'ஆட்டோடெஸ்க்' என்பது ஆபீஸ் வேலைக்கான ஒரு மென்பொருள். ஓடியது அது அல்ல, ஓரமாக வைத்திருந்த ஆட்டோகேட். அந்த வருடம் நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் வைத்தார்கள், கூட்டம் மொய்த்தது.

ஆட்டோகேட் வெறும் கோடு போடுகிற கருவி. கதவு, படிக்கட்டு, சாலை வளைவு ஒன்றும் அதற்குத் தெரியாது. 1986 ஜனவரியில் வந்த 2.18 பதிப்பில் ஆட்டோலிஸ்ப் என்கிற சின்ன நிரல் மொழியை உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். என் பார்வையில் அந்தக் கம்பெனி எடுத்த மிகப் பெரிய வியாபார முடிவு அதுதான். எந்தெந்தத் தொழிலுக்கு என்னென்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலையைப் பயனாளர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்! சாலை போடுகிற என்ஜினியர் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டார், குழாய் போடுகிறவர் தனக்கு. எழுதியதை விற்கவும் ஆரம்பித்தார்கள். அந்த லிஸ்ப் கோப்புகளை நம்பியவர்கள் வேறு மென்பொருளுக்குப் போகவே முடியாமல் ஆனார்கள். சந்தையியல் வகுப்பில் 'ஸ்விட்சிங் காஸ்ட்' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதே காலத்தில் புடாபெஸ்டில் வேறொரு வழி. காபோர் போயார் 1982-இல் தொடங்கிய கிராஃபிசாஃப்ட், பாக்ஷ் அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் மாடல் செய்து கொடுத்து வளர்ந்த கம்பெனி. 1980களின் நடுவில் ஆப்பிள் கணினிக்கு அவர்கள் கொண்டுவந்ததுதான் பின்னால் ஆர்க்கிகேட் என்று பெயர் பெற்றது. அதில் ஜன்னல், நாற்காலி எல்லாம் ஜி.டி.எல். என்கிற, பேசிக் மாதிரியான ஒரு மொழியில் எழுதப்பட்ட சின்னச் சின்ன நிரல்கள். அகலத்தை மாற்றினால் ஜன்னல் தன்னைத் தானே வரைந்துகொள்ளும். ஆட்டோகேட்டில் ஆட்-இன் என்பது கட்டளை, ஆர்க்கிகேட்டில் பொருளே ஒரு நிரல். (ஸ்டீவ் ஜாப்ஸ் உதவியை மறக்காமல் 2011-இல் தங்கள் வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். நன்றி உள்ள கம்பெனி!)

இனி வணிகவியல்காரனுக்குப் பிடித்த பகுதி. ஆட்டோகேட்டுக்குத் துணை மென்பொருள் எழுதிப் பெரிய ஆளான கம்பெனிகளில் ஒன்று அமெரிக்காவின் சாஃப்ட்டெஸ்க். கட்டடம், நில அளவை, சாலை என்று பல தொழில்களுக்கு ஆட்-இன் விற்றது. அடுத்தவன் நிலத்தில் வீடு கட்டியவனின் பயம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். இன்டெல்லிகேட் என்ற பெயரில், ஆட்டோகேட் கோப்புகளையே திறக்கிற ஒரு போட்டி மென்பொருளை உள்ளுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். 1996 கடைசியில் ஆட்டோடெஸ்க் சாஃப்ட்டெஸ்க்கையே விலைக்குக் கேட்டது. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குறுக்கே வந்தது. வருகிற போட்டியாளனைப் பிறக்கும் முன்பே விழுங்கினால் சந்தை என்ன ஆவது என்பது அதன் கேள்வி. இன்டெல்லிகேட் மட்டும் தனியே பிரிந்து வேறு கைக்குப் போனது. மீதியை 1997-இல் ஆட்டோடெஸ்க் எடுத்துக்கொண்டது. நேற்றுவரை தனிக் கம்பெனி விற்ற ஆட்-இன், ஆட்டோடெஸ்க்கின் சொந்தச் சரக்கில் கலந்தது.

பிரிந்து போன இன்டெல்லிகேட்டை விசியோ வாங்கியது. அந்த வட்டாரத்திலிருந்துதான் 1998-இல் ஓபன் டி.டபிள்யூ.ஜி. அலையன்ஸ் பிறந்தது. ஆட்டோகேட்டின் கோப்பு வடிவத்தை யார் வேண்டுமானாலும் படிக்க, எழுத வழி செய்கிற கூட்டமைப்பு அது. இப்போது ஓபன் டிசைன் அலையன்ஸ் என்று பெயர். 2006-இல் ஆட்டோடெஸ்க் இவர்கள்மேல் வழக்குப் போட்டது, அடுத்த வருடம் சமரசம் ஆனது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

இப்போது ரெவிட். 1997-இல் லியோனிட் ரெய்ஸ், இர்வின் ஜங்ரைஸ் என்ற இருவர் பாஸ்டன் பக்கம் தொடங்கியது. இயந்திர பாகங்களை வடிவமைக்கும் மென்பொருளைச் செய்த பி.டி.சி. கம்பெனியிலிருந்து வந்தவர்கள். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்ற அந்த உலகத்து வழக்கத்தைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதல் பதிப்பு 2000 ஏப்ரலில். 2002-இல் ஆட்டோடெஸ்க் 133 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. பிம் என்ற மூன்றெழுத்து ஊரெல்லாம் பரவியதும் அந்த வருடங்களில்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டோலிஸ்ப்பால் ஜெயித்த கம்பெனியின் கையில் வந்த ரெவிட்டில் வெளியார் நிரல் எழுத வழியே இல்லை. கதவு, ஜன்னல் செய்ய 'ஃபேமிலி' எடிட்டர் உண்டு, நிரல் தேவையில்லை என்பதையே பெருமையாகச் சொன்னார்கள். அதற்கென ஏ.பி.ஐ. வந்தது 2005-ஐ ஒட்டித்தான். வந்ததும் சொற்பமானது. அதிலும் சி ஷார்ப் மாதிரி டாட்நெட் மொழி தெரிய வேண்டும். ஆர்க்கிடெக்ட் ராத்திரி உட்கார்ந்து நாலு வரி எழுதுகிற லிஸ்ப் காலம் போய், புரோகிராமரைத் தேடுகிற காலம் வந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியவர்களும் பயனாளர்கள்தான். டேரன் தாமஸ் எழுதிய ரெவிட் பைதான் ஷெல் வந்தது. ரைனோ மென்பொருளுக்கு டேவிட் ரட்டன் 2007-இல் எழுத ஆரம்பித்த கிராஸ்ஹாப்பரில், நிரலை எழுத்தாக அல்லாமல் பெட்டிகளைக் கம்பியால் இணைத்தே எழுதலாம். அதே வழியில் 2011-இல் இயன் கியோ டைனமோவைத் திறந்த மூலமாக வெளியிட்டார். பிறகு அது ரெவிட்டுடனேயே சேர்ந்து வர ஆரம்பித்தது. பைரெவிட் இன்றும் இலவசம். ஜெரமி டாமிக் 2008 முதல் எழுதிவந்த 'தி பில்டிங் கோடர்' பக்கங்களைப் புரட்டாமல் ரெவிட் ஆட்-இன் எழுதக் கற்றவர்கள் குறைவு. இருநூறு அறைகளுக்கு வரிசையாக எண் போடுவது, ஷீட் பெயர்களை ஒரே தடவையில் திருத்துவது, ஷீட்டுகளை மொத்தமாகப் பி.டி.எஃப். ஆக்குவது என்று, ஆட்-இன்கள் செய்கிற வேலைகள் பெரும்பாலும் இப்படிச் சலிப்பானவை. ஆனால் ஒரு நாள் முழுக்கச் செய்கிற வேலை பத்து நிமிடத்தில் முடிந்தால் அதன் மதிப்பு செய்தவனுக்குத்தான் தெரியும்.

இதுவரை இனிப்பு. கசப்பும் இருக்கிறது.

ஈகோடெக்ட் என்று ஒன்று இருந்தது. ஆண்ட்ரூ மார்ஷ் என்பவர் செய்தது. கட்டடத்தில் வெயில் எங்கே விழும், நிழல் எங்கே, வெளிச்சம் எவ்வளவு என்று படமாகக் காட்டும். பல கல்லூரிகளில் பாடமாகவே வைத்திருந்தார்கள். 2008-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது, 2015 மார்ச்சோடு விற்பனையை நிறுத்தியது. அதையே நம்பிப் பாடத்திட்டமும் அலுவலக முறையும் வகுத்தவர்கள் என்ன செய்வார்கள்? பலர் கிராஸ்ஹாப்பருக்கான லேடிபக் பக்கம் போனார்கள். அது 2013-இல் வந்த இலவச, திறந்த மூல ஆட்-இன். கம்பெனி வாங்கிப் பூட்ட முடியாத சரக்கு. சிவில் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு ஆட்-இன்னை அலுவலக வேலைக்கு எடுக்கும் முன், அது நாளை இல்லாமல் போனால் மாடலில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். ரெவிட்டில் ஆட்-இன் தன் தகவலை வெளியே தெரியாதபடி மாடலுக்குள் ஒளித்து வைக்க முடியும். சாதாரண ஷேர்ட் பாராமீட்டரில் எழுதுகிற ஆட்-இன் என்றால், அதை நீக்கிய பிறகும் தகவலை நீங்களே படிக்கலாம். இரண்டாவது வகையையே தேடுங்கள்.

இன்னொரு கசப்பு 2012-இல். மெட்ரே என்ற வைரஸ் பெரு நாட்டில் பரவியதை இசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. அது எழுதப்பட்ட மொழி, நம் ஆட்டோலிஸ்ப்பேதான். வரைபடத்தோடு ஒரே ஃபோல்டரில் கிடக்கும் லிஸ்ப் கோப்பை ஆட்டோகேட் தானாக ஏற்றிக்கொள்ளும். அந்த வசதியையே வாசலாக வைத்து, திறக்கிற வரைபடங்களை எல்லாம் சீனாவில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பல்லாயிரக்கணக்கான வரைபடங்கள் போயின. அதன் பிறகுதான் ஆட்டோகேட் 2014-இல் செக்யூர்லோட் என்ற தடுப்பு வந்தது. நம்பகமான ஃபோல்டர் என்று நாம் குறிக்காத இடத்திலிருந்து நிரலை ஏற்றும் முன் கேட்கும். அந்தக் கேள்வி தொல்லையாக இருக்கிறது என்று அதை நிறுத்தி வைக்கிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். யாரோ ஜிப்பில் அனுப்பிய வரைபடத்தோடு கேட்காத acad என்ற பெயருள்ள லிஸ்ப் கோப்பும் வந்தால், திறக்கும் முன் அதை அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாவது, வருடாந்திரக் கசப்பு. ரெவிட் புதுப் பதிப்பில் சேமித்த மாடலைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆட்-இன்னோ பதிப்புக்குப் பதிப்பு வேறு. 2024 பதிப்பில் ஒவ்வொரு பொருளுக்குமான அடையாள எண் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போனது. 2025 பதிப்பு டாட்நெட் 8-க்கு மாறியது. பழைய ஆட்-இன்களை எழுதியவர்கள் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. எழுதியவர் வேலை மாறிப் போயிருந்தால்? ஆகவே மூல நிரல் யார் கையில் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள், பணம் கொடுத்து எழுதுவித்ததாக இருந்தாலும். நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்டைப் பாதியில் புதுப் பதிப்புக்கு மாற்ற வேண்டாம். புது ஆட்-இன்னை மையக் கோப்பில் நேரே ஓட்டாமல், 'டிடாச்' செய்த நகலில் ஓட்டிப் பாருங்கள்.

2020 ஜூலையில் ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா உட்படப் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் பல சேர்ந்து ஆட்டோடெஸ்க்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. ரெவிட்டுக்கு நாங்கள் கொடுக்கிற பணம் ஏறிக்கொண்டே போகிறது, மென்பொருள் அந்த அளவுக்கு வளரவில்லை என்பது அதன் சாரம். ஆட்-இன்கள் இந்தச் சண்டைக்கு நடுவில் நிற்கின்றன என்று நினைக்கிறேன். குறைகளை அவை ஒட்டுப்போட்டு மூடுவதால் கம்பெனிக்கு அவசரம் இல்லாமல் போகிறது. அவை இல்லையென்றால் பயனாளருக்குப் பொழுது போகாது, வேலையும் முடியாது.

அந்தக் கடிதம் வந்த அதே வருடம் ஆட்டோடெஸ்க் ஒரு கூட்டமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது. எது தெரியுமா? தான் வழக்குப் போட்ட அதே ஓபன் டிசைன் அலையன்ஸ். ஐ.எஃப்.சி. என்ற பொதுக் கோப்பு வடிவத்தை இன்னும் ஒழுங்காகப் படிக்க, எழுத அவர்களுடைய நிரல் தொகுப்பு தேவைப்பட்டதாம். ஐ.எஃப்.சி. 2013-லிருந்தே ஐ.எஸ்.ஓ. தரம். ப்ராஜெக்ட் முடிந்து ஒப்படைக்கும்போது ரெவிட் கோப்போடு ஒரு ஐ.எஃப்.சி. நகலும் எடுத்து வைத்துவிடுங்கள். அதைத் திறந்து பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, எந்த ஆட்-இன்னும் வேண்டாம்.