ரோலர் கோஸ்டரின் உயரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை? அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்கா: ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்குப் பூங்காக்கள் தங்கள் ரோலர் கோஸ்டர்களை விளம்பரப்படுத்தும்போது முதலில் குறிப்பிடுவது உயரத்தைத்தான். அதிக உயரம் என்றால் அதிக வேகம், அதிக அச்சம், அதிக ஆபத்து என்பது பொதுவான எண்ணம். ஆனால், ஒரே பூங்காவில் உள்ள ரோலர் கோஸ்டர்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால், இந்த எண்ணம் ஓரளவே சரி என்பது தெரியவரும்.

இத்தகைய ஒப்பீட்டுக்கு மிகவும் பொருத்தமான இடம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், சாண்டஸ்கி நகரில் உள்ள 'சீடர் பாயிண்ட்' பூங்கா. ஈரி ஏரிக்குள் நீண்டு செல்லும் நிலமுனை ஒன்றில், 1870-ஆம் ஆண்டு குளியல் கடற்கரையைப் போன்ற ஏரிக்கரை உல்லாசத் தலமாகத் தொடங்கப்பட்ட இப்பூங்கா, அந்நாட்டின் மிகப் பழமையான பொழுதுபோக்குப் பூங்காக்களுள் ஒன்று. 1989 முதல் 2003 வரையிலான 14 ஆண்டுகளில் 200 அடி, 300 அடி, 400 அடி ஆகிய மூன்று எல்லைகளையும், முழுச் சுற்றுப் பாதை கொண்ட ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே முதன்முதலாகக் கடந்தது இப்பூங்காவே.

25 அடியில் தொடங்கிய பயணம்

சீடர் பாயிண்டின் முதல் ரோலர் கோஸ்டர் 1892-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. 'ஸ்விட்ச்பேக் ரயில்வே' என்று அழைக்கப்பட்ட அதன் உயரம் வெறும் 25 அடி. வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோ மீட்டர், அதாவது மிதிவண்டியின் வேகம். அன்றைய மக்களுக்கு அதுவே வியப்பாக இருந்தது.

இன்று அங்கு இயங்கும் முக்கிய ரோலர் கோஸ்டர்களின் உயரமும் அதிகபட்ச வேகமும் வருமாறு:

புளூ ஸ்ட்ரீக் (1964): 78 அடி, மணிக்கு 64 கி.மீ.
ஜெமினி (1978): 125 அடி, மணிக்கு 97 கி.மீ.
மேக்னம் எக்ஸ்எல்-200 (1989): 205 அடி, மணிக்கு 116 கி.மீ.
ராப்டர் (1994): 137 அடி, மணிக்கு 92 கி.மீ.
மில்லினியம் ஃபோர்ஸ் (2000): 310 அடி, மணிக்கு 150 கி.மீ.
மேவரிக் (2007): 105 அடி, மணிக்கு 113 கி.மீ.
கேட்கீப்பர் (2013): 170 அடி, மணிக்கு 108 கி.மீ.
வால்ரேவன் (2016): 223 அடி, மணிக்கு 121 கி.மீ.
ஸ்டீல் வெஞ்சன்ஸ் (2018): 205 அடி, மணிக்கு 119 கி.மீ.
டாப் த்ரில் 2 (2024): 420 அடி, மணிக்கு 193 கி.மீ.
சைரன்ஸ் கர்ஸ் (2025): 160 அடி, மணிக்கு 93 கி.மீ.

டெல்லியில் உள்ள குதுப் மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். மேக்னம் அதைவிடச் சுமார் 10 மீட்டர் குறைவு. மில்லினியம் ஃபோர்ஸ் அதைவிட 20 மீட்டருக்கும் மேல் கூடுதல். டாப் த்ரில் 2 கோபுரம் 128 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மும்பைக்கும் புணேவுக்கும் இடையே கோபோலியில் உள்ள 'இமேஜிகா' பூங்காவின் 'நைட்ரோ' ரோலர் கோஸ்டர், இந்தியாவின் பெரிய ரோலர் கோஸ்டர்களுள் ஒன்று. அதன் உயரம் சுமார் 40 மீட்டர். சீடர் பாயிண்டின் அளவுகோலில் இது ராப்டருக்கு நெருக்கமானது.

'ஹைப்பர்', 'கிகா', 'ஸ்ட்ராட்டா' என்றால் என்ன?

ரோலர் கோஸ்டர் துறையில் 200 அடியைத் தாண்டியவை 'ஹைப்பர் கோஸ்டர்' எனவும், 300 அடியைத் தாண்டியவை 'கிகா கோஸ்டர்' எனவும், 400 அடியைத் தாண்டியவை 'ஸ்ட்ராட்டா கோஸ்டர்' எனவும் குறிப்பிடப்படுகின்றன. இவை பொறியியல் இலக்கணங்கள் அல்ல. பெரும்பாலும் விளம்பரத்துக்காகப் பிறந்து, பின்னர் நிலைபெற்ற பெயர்கள்.

1989 மே மாதம் திறக்கப்பட்ட மேக்னம், முதல் ஹைப்பர் கோஸ்டர். 2000 மே மாதம் திறக்கப்பட்ட மில்லினியம் ஃபோர்ஸ், முதல் கிகா கோஸ்டர். 2003 மே மாதம் திறக்கப்பட்ட 'டாப் த்ரில் டிராக்ஸ்டர்', முதல் ஸ்ட்ராட்டா கோஸ்டர். அதன் உலக சாதனை இரண்டு ஆண்டுகளே நீடித்தது. 2005-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் 'சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர்' பூங்காவில் திறக்கப்பட்ட 456 அடி உயர 'கிங்டா கா' அதை முறியடித்தது.

உயரமும் சரிவும் ஒன்றல்ல

ரோலர் கோஸ்டரின் உயரம் என்பது பொதுவாகத் தரைமட்டத்திலிருந்து பாதையின் உச்சி வரையிலான அளவு. ஆனால், பயணி உணர்வது உயரத்தை அல்ல. ஒரே மூச்சில் கீழே இறங்கும் சரிவை. இந்த இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதில்லை.

மில்லினியம் ஃபோர்ஸின் உயரம் 310 அடி. முதல் சரிவு 300 அடி. வால்ரேவனின் உயரம் 223 அடி. சரிவு 214 அடி. ராப்டரின் உயரம் 137 அடி. ஆனால் சரிவு 119 அடி மட்டுமே. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் அதே மாநிலத்தில் உள்ளது. சின்சினாட்டி நகருக்கு அருகே 'கிங்ஸ் ஐலண்ட்' பூங்காவில் 1979 முதல் இயங்கும் 'தி பீஸ்ட்' என்ற மர ரோலர் கோஸ்டரின் உயரம் 110 அடி. அதன் பெரிய சரிவோ 141 அடி. இயற்கையான மேடு பள்ளங்களைப் பயன்படுத்திப் பாதை அமைக்கப்பட்டதால், கட்டுமானத்தின் உயரத்தைவிடச் சரிவு அதிகமாக அமைந்துவிட்டது. சவூதி அரேபியாவின் கித்தியா நகரில் 600 அடிக்கு மேற்பட்ட உயரம் கொண்டதாக அறிவிக்கப்பட்ட 'ஃபால்கன்ஸ் ஃபிளைட்' திட்டமும் மலைச்சரிவைப் பயன்படுத்தி வடிவமைக்கப்பட்டதே. எனவே, இரு ரோலர் கோஸ்டர்களை ஒப்பிடும்போது எந்த அளவு ஒப்பிடப்படுகிறது என்பதைக் கவனிப்பது அவசியம்.

உயரம் சமமாக இருந்தாலும் அனுபவம் மாறக்கூடும். மேக்னம், ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆகிய இரண்டுமே 205 அடி உயரம் கொண்டவை. மேக்னத்தின் முதல் சரிவு சுமார் 60 பாகைக் கோணத்தில் இறங்குகிறது. ஒரு முறைகூட அது பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றுவதில்லை. ஸ்டீல் வெஞ்சன்ஸ் 90 பாகையில், செங்குத்தாக 200 அடி இறங்கி, வழியில் நான்கு முறை தலைகீழாகச் சுழற்றுகிறது. 1991-இல் கட்டப்பட்ட 161 அடி உயர 'மீன் ஸ்ட்ரீக்' என்ற பழைய மர ரோலர் கோஸ்டரின் சட்டகத்தை மாற்றியமைத்து, அதன் மீது எஃகுத் தண்டவாளம் பொருத்தி உருவாக்கப்பட்டது இது.

வேகத்தின் கணக்கு

சங்கிலியாலோ கம்பிவடத்தாலோ உச்சிக்கு இழுத்துச் செல்லப்படும் ரயிலுக்கு அதன் பிறகு இயந்திர விசை எதுவும் தேவையில்லை. உயரத்தில் சேமிக்கப்பட்ட நிலை ஆற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறுகிறது. இதில் ரயிலின் எடைக்கோ பயணிகளின் எண்ணிக்கைக்கோ அடிப்படையில் பங்கில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது சரிவின் அளவே.

ஆனால், உயரம் இரு மடங்கானால் வேகம் இரு மடங்காவதில்லை. வேகம், சரிவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. அதாவது, வேகத்தை இரு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். உராய்வே இல்லை என்று கொண்டால், 300 அடி சரிவில் மணிக்குச் சுமார் 152 கி.மீ. வேகம் கிடைக்க வேண்டும். மில்லினியம் ஃபோர்ஸ் எட்டும் வேகம் 150 கி.மீ. கணக்குக்கும் நடைமுறைக்கும் இடையே இவ்வளவு சிறிய வேறுபாடே உள்ளது. மர ரோலர் கோஸ்டரான புளூ ஸ்ட்ரீக்கில் இந்த இழப்பு கூடுதல். அதன் 72 அடி சரிவுக்குக் கணக்குப்படி சுமார் 75 கி.மீ. வேகம் கிடைக்க வேண்டும். கிடைப்பது 64 கி.மீ.

உயரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை அறுத்தெறிவது உந்துவிசைத் தொழில்நுட்பம். 105 அடி உயரமே உள்ள மேவரிக், 170 அடி உயரமுள்ள கேட்கீப்பரைவிட வேகமாகச் செல்கிறது. பயணத்தின் நடுவே சுரங்கப் பாதை ஒன்றில் மின்காந்த மோட்டார்கள் ரயிலை மணிக்கு 113 கி.மீ. வேகத்துக்கு உந்தித் தள்ளுவதே காரணம்.

டாப் த்ரில் டிராக்ஸ்டரில் இந்தக் கணக்கு தலைகீழானது. அங்கு உயரத்திலிருந்து வேகம் பிறக்கவில்லை. வேகத்தைக் கொண்டு உயரம் எட்டப்பட்டது. நீரியல் விசை அமைப்பு ரயிலைச் சுமார் நான்கு வினாடிகளில் மணிக்கு 193 கி.மீ. வேகத்துக்குக் கொண்டு சென்றது. அந்த வேகம், உராய்வில்லாத நிலையில் சுமார் 480 அடி ஏறப் போதுமானது. கோபுரத்தின் உயரமோ 420 அடி. காற்றுத் தடையும் உராய்வும் விழுங்கும் ஆற்றலுக்காக விடப்பட்ட இடைவெளி அது. எதிர்க்காற்று போன்ற காரணங்களால் இந்த இடைவெளியும் போதாமல் போனால், ரயில் உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி இறங்கிவிடும். அப்போது புறப்பாட்டுப் பாதையில் உள்ள காந்தத் தடுப்பான்கள் அதை நிறுத்திவிடும். இதுவும் முன்கூட்டியே திட்டமிடப்பட்ட ஏற்பாடே.

உயரம் கூடும்போது நிலப்பரப்பும் கூட வேண்டும். வளைவுகளில் உடல் மீது அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதை ஒரே அளவில் வைத்திருக்க, நான்கு மடங்கு உயரமான ரோலர் கோஸ்டருக்கு நான்கு மடங்கு அகன்ற வளைவுகள் தேவை. மில்லினியம் ஃபோர்ஸின் பாதை 2 கிலோ மீட்டர் நீளம் கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆபத்து உயரத்தில் இருக்கிறதா?

அச்சம் உயரத்தால் வருகிறது. ஆனால், விபத்துகளின் வரலாறு வேறு காரணங்களைக் காட்டுகிறது.

2021 ஆகஸ்ட் மாதம், டாப் த்ரில் டிராக்ஸ்டர் ரயிலிலிருந்து கழன்று விழுந்த சிறிய உலோகத் தகடு, வரிசையில் காத்திருந்த பெண் ஒருவரின் தலையில் தாக்கியது. அவர் பலத்த காயமடைந்தார். பாதிக்கப்பட்டவர் 420 அடி உயரத்தில் இருந்தவர் அல்ல, தரையில் நின்றவர். மாநில அரசின் விசாரணையில், பூங்கா நிர்வாகம் சட்டத்தை மீறியதற்கான ஆதாரம் இல்லை என 2022-இல் அறிவிக்கப்பட்டது. எனினும், அந்த ரோலர் கோஸ்டர் பழைய வடிவில் மீண்டும் இயக்கப்படவில்லை. நீரியல் அமைப்பு அகற்றப்பட்டு, மின்காந்த உந்துவிசையும் 420 அடி உயர இரண்டாவது கோபுரமும் சேர்க்கப்பட்டு, 2024 மே மாதம் 'டாப் த்ரில் 2' எனத் திறக்கப்பட்டது. ரயில் பெட்டிகளில் ஏற்பட்ட சிக்கலால் ஒரு வாரத்திலேயே அது நிறுத்தப்பட்டு, 2025-இல்தான் மீண்டும் இயங்கியது.

அதற்கு முன்னர், 2017 ஜூலை மாதம் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் ஊசல் போல ஆடும் நடமாடும் சாதனம் ஒன்று முறிந்ததில் 18 வயது இளைஞர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அது உயரச் சாதனைகளில் இடம்பெறக்கூடிய சாதனமே அல்ல. தாங்கு உத்தரத்தின் உட்புறத்தில் ஏற்பட்ட கடுமையான துருவே காரணம் என்று அதன் தயாரிப்பு நிறுவனம் தெரிவித்தது. இச்சம்பவத்தைத் தொடர்ந்து, ஆய்வு விதிகளைக் கடுமையாக்கும் சட்டம் அம்மாநிலத்தில் 2019-இல் இயற்றப்பட்டது.

அமெரிக்காவில் நிலையான பூங்காக்களின் ரோலர் கோஸ்டர்கள் 1981 முதல் கூட்டரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகார வரம்புக்கு வெளியே உள்ளன. அவற்றை ஆய்வு செய்வது மாநிலங்களின் பொறுப்பு. ஒஹாயோவில் இப்பணியை வேளாண்மைத் துறை மேற்கொள்கிறது.

பயணியின் உயரம்

ரோலர் கோஸ்டரின் உயரத்தைவிடக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மற்றோர் அளவு, பயணிக்கு விதிக்கப்படும் குறைந்தபட்ச உயரம். இதிலும் எதிர்பாராத முடிவே கிடைக்கிறது. 310 அடி உயர மில்லினியம் ஃபோர்ஸில் 48 அங்குலம், அதாவது சுமார் 122 செ.மீ. உயரமுள்ள சிறுவர் பயணிக்கலாம். அதில் பாதி உயரம்கூட இல்லாத ராப்டரில் 54 அங்குலம், அதாவது சுமார் 137 செ.மீ. தேவை.

இந்த எல்லை, ரோலர் கோஸ்டரின் உயரத்தைக் கொண்டு விதிக்கப்படுவதில்லை. இருக்கையில் பயணியைப் பிடித்து வைக்கும் பாதுகாப்புச் சட்டத்தின் வடிவத்தையும், பயணத்தின் சுழற்சிகளையும் கொண்டு விதிக்கப்படுகிறது. கால் தொங்கியபடி ஐந்துக்கும் மேற்பட்ட முறை தலைகீழாகச் சுழலும் ராப்டரில் தோள் வழியாக இறங்கும் சட்டம் உடலோடு பொருந்த வேண்டும். நுழைவாயிலில் உள்ள அளவுகோலில் ஓர் அங்குலம் குறைந்தாலும் ஊழியர்கள் அனுமதி மறுப்பது இதனால்தான். குழந்தையின் காலணியை உயர்த்தியோ வாதிட்டோ அந்த எல்லையைக் கடக்க முயல்வது, அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கச் செய்யும்.

சாதனைகள் நிலைப்பதில்லை

19 ஆண்டுகளுக்கு மேலாக உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டராக விளங்கிய கிங்டா கா நிரந்தரமாக மூடப்படுவதாக 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்து அதன் கோபுரம் தகர்க்கப்பட்டது. 1964-இல் திறக்கப்பட்ட 78 அடி உயர புளூ ஸ்ட்ரீக், 60 ஆண்டுகளைக் கடந்தும் சீடர் பாயிண்டில் இயங்கிவருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.