குருதியில் தேங்கிய நஞ்சு

நோயின் காரணத்தை அதனைத் தேடாத ஒருவரே கண்டறிவது விஞ்ஞான வரலாற்றில் புதிதன்று. 1972ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் குருதியின் பரம்பரைக் குறிகளை ஆராய்ந்துவந்த எலோயிஸ் கிப்லெட் அம்மையாரிடம் ஒரு குழந்தையின் குருதி சோதனைக்காக வந்தது. பிறவியிலேயே நிர்ப்பீடனமற்று, என்புமச்சை மாற்றத்துக்குக் காத்திருந்த குழந்தை அது. அக்குருதியில் அடினோசீன் டிஅமினேசு என்னும் நொதியம் அறவே இல்லை. வேறொரு குழந்தையிடத்தும் அதே குறை காணப்பட்டது.

அந்நொதியத்தின் வேலை யாது? அழியும் கலங்களின் டி.என்.ஏயிலிருந்து பிரியும் டிஒட்சிஅடினோசீன் என்ற நியூக்கிளியோசைட்டை மாற்றி அகற்றுவதே. அகற்ற ஆளில்லாதபோது அது தேங்குகிறது. நிணநீர்க்குழியங்கள், சிறப்பாகத் தைமசுச் சுரப்பியில் வளரும் இளங்குழியங்கள், அதனை உள்வாங்கிப் பொசுபேற்றைச் சேர்த்துப் பூட்டிவைக்கின்றன. அவ்வாறு குவிந்த பொருள், புதிய டி.என்.ஏக்கு வேண்டிய மூலப்பொருள்களை ஆக்கும் மற்றொரு நொதியத்தைத் தடுத்துவிடுகிறது. கிருமியைக் கண்டதும் பல்லாயிரமாகப் பெருகவேண்டிய குழியம், பெருக வழியின்றி மடிகிறது. காவற்காரன் வீட்டுக் குப்பையாலேயே மூச்சடைத்துச் சாவதை ஒத்தது இது.

இந்நஞ்சையே மருந்தாக்கியோரும் உளர். டிஅமினேசினால் எளிதில் சிதைக்கமுடியாத கிளாட்ரிபீன் இவ்வறிவின் வழிப் பிறந்து, ஒருவகைக் குருதிப் புற்றுநோயை அடக்கியது.

வன்னியில் இருக்கும் நமக்கு இதில் என்ன? தாய் தந்தை இருவரும் பழுதான பரம்பரையலகைக் கொடுத்தாலே இந்நோய் தோன்றும். நோய் மிக அரிது. ஆயினும் மச்சான் மச்சாள் மணம் வழங்கும் சமூகத்தில் அவ்வாய்ப்புச் சற்றுக் கூடும். மலேரியா ஆண்ட காட்டூர்களில், காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் போன சிசுக்களுள் எதன் காரணம் எது என்று பிரித்தறிய யார் இருந்தார்கள்?

1990 செப்டம்பர் 14ஆம் நாள், அமெரிக்காவின் பெதெஸ்டாவில், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் சொந்தக் குழியங்களில் நல்ல பரம்பரையலகு புகுத்தி ஏற்றப்பட்டது. அவ்வழியில் வளர்ந்த சிகிச்சையொன்றுக்கு 2016இல் ஐரோப்பா அனுமதி அளித்தது. விலை 5,94,000 யூரோ! முல்லைத்தீவின் மீனவரோ கிளிநொச்சியின் வயற்கூலியாளரோ பல தலைமுறை உழைத்தாலும் காணாத தொகை. விஞ்ஞானம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்போர் இவ்விலைச்சீட்டையும் உடன்வைத்துப் பேசவேண்டும்.

செலவின்றிச் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இலங்கையில் பிறந்தவுடன் இடப்படும் காசநோய்த் தடுப்பூசியில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி உள்ளது. ஏனைய குழந்தைகளுக்குக் காவலான அவ்வூசி, நிர்ப்பீடனமற்ற குழந்தைக்கு ஆபத்தாகலாம். முன்னர் ஒரு சிசுவைத் தொற்றுநோயால் இழந்த குடும்பம், அடுத்த பிரசவத்தின்போது அதனை மருத்துவரிடமோ குடும்பநல மருத்துவமாதுவிடமோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.