பச்சைத் தாத்தாவும் 1977ல் தெறிச்ச மையும்

மக்களே, போன மாசம் தாத்தாவோட முதல் வருஷ திதி. அவர் அறுபதாம் கல்யாணத்துல எடுத்த கலர் போட்டோவைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் குடுடான்னு பாட்டி முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாங்க. எந்த ஸ்டூடியோ திறந்திருக்கும்? நம்மகிட்டதான் இங்க்ஜெட் இருக்கேன்னு கெத்தா உட்கார்ந்தேன். வெளிய வந்த தாத்தாவுக்கு மூஞ்சி பச்சை, நெத்தில குங்குமம் மஞ்சள். பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "அவருக்குக் காமாலையே வந்ததில்லையேடா"ன்னாங்க. யாரும் சிரிக்கல.

டிரைவரை அழிச்சுத் திரும்பப் போட்டேன், கேபிளை ஆட்டினேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி, விடுங்க. கடைசியாத்தான் நாஸில் செக் போட்டேன். மெஜந்தா கோடு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. அச்சுல சிவப்புன்னா மெஜந்தாவும் மஞ்சளும். மெஜந்தா போனா குங்குமம் மஞ்சளாத்தானே வரும்? மூணு மாசமா கலர்ல ஒண்ணும் அடிக்காததால, முடியை விட மெல்லிசான ஓட்டைல மை காய்ஞ்சு அடைச்சிருக்கு.

"புது கார்ட்ரிட்ஜ் போடு, சரியாயிடும்"னான் தம்பி. அவன் பிரிண்டருக்கு அது சரி. என்னோடதுக்கு உதவாது. ஏன்னு கேட்டா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

1977ல ஜப்பான்ல கேனன் கம்பெனி ஆராய்ச்சியாளர் இச்சிரோ எண்டோ. பக்கத்துல இருந்த சூடான சால்டரிங் அயர்ன், மை நிரப்பின சிரிஞ்ச் ஊசில தற்செயலாப் பட்டுது. ஊசி முனைலேர்ந்து மை பீச்சி அடிச்சுது. சூடு பட்டா குமிழி வரும், குமிழி மையைத் தள்ளும். இதுதான் பபிள் ஜெட். அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல அமெரிக்காவுல ஹெச்.பி.யோட ஜான் வாட் தனியா இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே!

ஆனா குமிழி உடையும்போதெல்லாம் அந்தக் குட்டி ஹீட்டர் மேல அடி விழும், சீக்கிரம் தேஞ்சு போகும். ஹெச்.பி.காரங்க இதுக்குப் பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்ச எஞ்சினியரிங் முடிவு. நீண்ட ஆயுசுக்கு ஹெட்டைச் செய்யறதை விட்டுட்டு, 1984ல வந்த திங்க்ஜெட்ல ஹெட்டையும் மையையும் ஒண்ணாக் கட்டி, மை தீர்ந்தா ரெண்டையும் தூக்கிப் போடுங்கன்னுட்டாங்க. மொத்தமே 12 ஓட்டைதான் அதுல. ஓட்டை அடைச்சாலும் கவலையில்லை, புதுசு மாட்டினா புது ஹெட்.

எப்சன் போன வழி வேற. மின்சாரம் குடுத்தா வளையற பீசோ படிகம் மையைத் தள்ளும். சூடு இல்லாததால ஹெட் நாள்பட உழைக்கும், அதனால பிரிண்டருக்குள்ளயே இருக்கட்டும்னு வெச்சாங்க. 1994ல வந்த ஸ்டைலஸ் கலர் 720 டி.பி.ஐ.ல அடிச்சுது. அப்போ அது பெரிய விஷயம். பின்னாடி சூடு வகையிலயும் பல மாடல்கள்ல ஹெட் தனியா உள்ளயே இருக்க ஆரம்பிச்சுது. இந்த மாதிரி மிஷின்ல கார்ட்ரிட்ஜ்ங்கிறது வெறும் மை டப்பா. அடைப்பு இருக்கறது மிஷினுக்குள்ள.

(கலர் கோளாறு அந்தக் காலத்துலயும் உண்டு. 1991ல வந்த டெஸ்க்ஜெட் 500சில கறுப்பு, கலர் ரெண்டுல ஒரு கார்ட்ரிட்ஜைத்தான் மாட்ட முடியும். கலரை மாட்டினா மூணு மையையும் கலந்துதான் கறுப்பு, அதுவும் அழுக்குக் கறுப்பு. அடுத்த வருஷம் 550சில ரெண்டுக்கும் இடம் குடுத்தாங்க.)

என்னோடது மை டப்பா வகை. கம்பெனி பேர் வேண்டாம், தப்பு என் மேலதான். பட்டன்ல அணைக்காம சுவர் சுவிட்சை அணைச்சா ஹெட் மூடி போட்டுக்காம நின்னுடலாம், மை காயும். ஹெட் க்ளீனிங் ரெண்டு தடவை ஓட்டினேன், அசையல. ஒவ்வொரு தடவையும் அது நல்ல மையையும் சேர்த்து உறிஞ்சிக் கொட்டும், அதனால நிறுத்திட்டேன். புது மை ராத்திரி பூரா ஊறினா காய்ஞ்சது இளகும்னு ஒரு நப்பாசை.

காலைல அஞ்சு மணிக்கு மூணாவது க்ளீனிங். மெஜந்தா கோடு ரெண்டு இடத்துல விட்டு விட்டு வந்துது. இன்னொண்ணு ஓட்டினேன், முழுசா வந்துடுச்சு. ஐயர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி பிரிண்ட் ரெடி.

பாட்டி வாங்கி முகத்தைக் கூடப் பார்க்கல, நெத்தியைத்தான் பார்த்தாங்க. குங்குமம் சிவப்பா இருந்துது.