நாலு வெண்டை, ரெண்டு கத்தரி, ஒரு முருங்கை... இதை வெச்சு என்ன சமைக்கலாம்?

மாடித்தோட்டம் போடும் எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரு கனவு இருக்கும். 'இனிமே காய்கறிக் கடைப் பக்கமே போக வேண்டாம்!' ஆனா முதல் அறுவடையில கூடையில் விழறது நாலு வெண்டைக்காய், ரெண்டு கத்தரிக்காய், பாதி பழுத்த மூணு தக்காளி. நாலு பேர் சாப்பிடற வீட்டில் இதை வெச்சு ஒரு பொரியல்கூட தேறாது. ரெண்டு மாசம் போனா கதையே தலைகீழ். புடலையும் பீர்க்கும் போட்டி போட்டுக் காய்க்கும். எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனா, 'நேத்து கொடுத்ததே ஃப்ரிட்ஜ்ல இருக்குங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே திருப்பி அனுப்புவாங்க.

கொஞ்சமா வந்தாலும் திண்டாட்டம், நிறைய வந்தாலும் திண்டாட்டம். இதுக்குக் காரணம் உங்கள் தோட்டம் இல்லை. 'பீன்ஸ் கால் கிலோ'ன்னு ஆரம்பிக்கிற ரெசிப்பிகள்தான். அவை கடையில் வாங்கும் கைக்காக எழுதப்பட்டவை. கொல்லையில் பறிச்சு சமைச்ச காலத்து சமையல், இன்னிக்கு என்ன காய்ச்சிருக்கோ அதிலிருந்து ஆரம்பிக்கும். அந்தச் சமையலில் உங்கள் ரெண்டு திண்டாட்டத்துக்குமே வழி இருக்கு.

எப்போ எது வரும்?

'ஆடிப்பட்டம் தேடி விதை'ங்கிற பழமொழி தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் ஆடி. அப்போ விதைச்சா செடி வேர் பிடிச்சு நிமிரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துடும். முளைக்கீரைக்குப் பெரிய காத்திருப்பு இல்லை, மூணு, நாலு வாரத்தில் பறிக்கலாம். வெண்டையும் கொத்தவரையும் சுமார் 45 நாளில் காய்க்க ஆரம்பிக்கும். பீர்க்கு, பாகல், சுரை எல்லாம் ரெண்டு மாசக் கணக்கு. புடலை அதைவிடக் கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கும்.

இதில் அவரை மட்டும் தனி ராகம். 'நாலு மாசமாச்சு, கொடி பந்தல் முழுக்க பரவிடுச்சு, ஒரு பூவைக் காணோம்'னு புலம்பி, கொடியை வெட்டப் போறவங்க உண்டு. கொஞ்சம் பொறுங்க. நாட்டுக் கொடி அவரை நாள் கணக்கைப் பார்த்துப் பூக்காது, பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். பகல் குறைஞ்சு இரவு நீளும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அது கண் திறக்கும். மார்கழி, தையில் கொத்துக் கொத்தா காய்க்கும். பொங்கல் குழம்பில் அவரைக்காய்க்கு முதலிடம் கிடைச்சதுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். வருஷம் முழுக்க அவரை வேணும்னா, குத்து அவரை ரகங்கள் கிடைக்குது. ருசியில் கொடி அவரைக்கு ஈடாகாதுன்னுதான் நான் சொல்வேன். இன்னொரு விஷயம், அவரையும் மொச்சையும் தாவரவியல்படி ஒரே இனம். ஒண்ணைத் தோலோட சாப்பிடறோம், இன்னொண்ணை உரிச்சு சாப்பிடறோம்.

முருங்கைக்காய்க்கு நேர் எதிர் கணக்கு. பங்குனி தொடங்கி வெயில் காலத்தில் மரம் கொள்ளாமல் காய்க்கும். மழை, பனிக்காலத்தில் காய் அருகிப்போகும். கார்த்திகை, மார்கழியில் கடையில் முருங்கைக்காய் விலையைக் கேட்டு நாம மயக்கம் போடறது இதனாலதான். அந்த மாசங்களில் குழம்பில் முருங்கையைத் தேடாம இருக்கிறது பர்ஸுக்கும் நல்லது.

கொஞ்சமா வந்தா... கூட்டாஞ்சோறு

திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். மத்தவங்களுக்காக. கூட்டாஞ்சோற்றின் அழகே, எந்தக் காயும் ஒரு பிடிக்கு மேல் தேவைப்படாததுதான். ரெண்டு கத்தரி, ஒரு முருங்கைக்காய், அரை வாழைக்காய், பத்து கொத்தவரை, இருந்தா ஒரு துண்டு மாங்காய். உங்கள் மாடி கொடுக்கிற அளவு இதுக்குக் கச்சிதமா பொருந்தும்.

ஒரு கப் சாப்பாட்டு அரிசிக்குக் கால் கப்புக்குக் கொஞ்சம் கூடுதலா துவரம்பருப்பு. பருப்பை மஞ்சள்தூள் போட்டு முக்கால் பதத்துக்கு முதலில் வேகவெச்சுடுங்க. புளி சேர்ந்த பிறகு பருப்பு சீக்கிரம் வேகாது, அதனால இந்த வரிசையை மாத்த வேண்டாம். கால் மூடி தேங்காய், நாலைஞ்சு வத்தல் மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், ஏழெட்டு சின்ன வெங்காயம் இதையெல்லாம் கொரகொரப்பா அரைச்சுக்கோங்க. வெந்த பருப்போட அரிசி, நறுக்கின காய், அரைச்ச விழுது, சின்ன நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், உப்பு, எல்லாத்துக்குமா நாலரை கப் தண்ணீர். சாதம் வெந்து வரும்போது ரெண்டு கைப்பிடி முருங்கைக்கீரையைத் தூவிக் கிளறணும். கீரைதான் இதுக்கு வாசம், விட்டுடாதீங்க. கடைசியில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளிச்சு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். சாதம் குழைவா இருக்கணும், உதிரி உதிரியா இருந்தா அது வேற சாப்பாடு. தொட்டுக்கக் கூழ்வடகம் இருந்தா போதும்.

வெண்டைக்காயை மட்டும் இதில் போடாதீங்க, கொழகொழன்னு ஆயிடும். அந்த நாலு வெண்டையை வதக்கித் தயிர்ப் பச்சடி பண்ணிடலாம். வெண்டையைச் செடியில் 'இன்னும் கொஞ்சம் வளரட்டும்'னு விடறதும் வேண்டாம். ரெண்டு நாள் தாண்டினா நாராயிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சு சேர்த்து வெச்சா வாரத்துக்கு ஒரு பொரியல் கிடைக்கும்.

தையில் ஏழு காய்

திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு, பொங்கலுக்குப் பல காய் போட்ட குழம்பு. ரெண்டும் அந்த மாசத்துத் தோட்டத்தின் பட்டியலேதான். அவரை, மொச்சை, பரங்கி, பூசணி, கத்தரி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை. தெற்கே போனா சிறுகிழங்கும் சேரும். மண் வாசத்தோட இருக்கும் அந்தக் கிழங்கைச் சாக்குப்பையில் போட்டுத் தேய்ச்சு தோல் எடுக்கிறதே ஒரு வேலை. ஆனா அந்த ருசிக்கு அந்த வேலை தகும்.

இந்தக் குழம்பில் பல வீடுகளில் இன்னிக்கும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் சேர்க்க மாட்டாங்க. 'இங்கிலீஷ் காய் ஆகாது'ம்பாங்க. இதை வெறும் ஆசாரம்னு ஒதுக்கிட முடியாது, உள்ளே ஒரு வரலாறு இருக்கு. தக்காளி, உருளை, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் நம்ம ஊருக்கு அறிமுகம். அதுக்கு முன்னாடி காரத்துக்கு மிளகு. மிளகு மாதிரி காரமா இருந்த காய்க்குத்தான் 'மிளகாய்'னு பேர் வந்தது. திவசச் சமையலிலும் பல கோயில் மடப்பள்ளிகளிலும் மிளகாய்க்குப் பதில் மிளகு தொடர்வது அந்தப் பழைய சமையலின் மிச்சம். ஒருமுறை தக்காளியும் மிளகாயும் இல்லாம, புளி, மிளகு, தேங்காய் மட்டும் போட்டு இந்தக் கூட்டைச் செஞ்சு பாருங்க. பரங்கியின் இனிப்பும் மொச்சையின் மாவுத்தன்மையும் தனித்தனியா தெரியும்.

கத்தரி பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. காம்பில் முள் குத்தும், ஆனா எண்ணெய்க் கத்தரிக்காய் குழம்புக்கு அதுக்கு நிகர் இல்லை. விதை கிடைச்சா ஒரு தொட்டியில் போட்டுப் பாருங்க.

நிறைய வந்தா... தோலையும் விடாதீங்க

பீர்க்கங்காய் கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. மேலே நீட்டிக்கிட்டு இருக்கும் வரம்பை மட்டும் சீவித் தூக்கிப் போட்டுட்டு, பச்சைத் தோலைப் பொடியா நறுக்கி, நல்லெண்ணெயில் பச்சை வாசம் போகிற வரைக்கும் வதக்கணும். வறுத்த உளுந்து, வத்தல், துளி புளி, பெருங்காயம், ஒரு கைப்பிடி தேங்காயோட அரைச்சா முடிஞ்சது. பிஞ்சுப் புடலையின் குடலையும் விதையையும் இதே மாதிரி துவையல் அரைக்கலாம். தண்டுக்கீரையில் இலை மசியலுக்குப் போனா, தண்டு புளிக்குழம்புக்குப் போகும். பரங்கிக் கொடியில் ஆண் பூக்கள்தான் முதலில் வரும், காய்க்காது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மகரந்தத்துக்கு நாலு பூவை விட்டுட்டு மிச்சத்தைக் கடலைமாவில் தோய்ச்சு பஜ்ஜி போடலாம்.

முற்றின பூசணியை உடனே சமைச்சுத் தீர்க்கணும்னு இல்லை. காம்போட அறுத்து, அடிபடாம, காற்றோட்டமான இடத்தில் வெச்சா மாசக்கணக்கில் இருக்கும்.

சுரைக்காய் கசந்தால் சாப்பிடாதீங்க!

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படிச்சுக் காட்டுங்க. சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் 'குக்கர்பிட்டாசின்'ங்கிற கசப்புப் பொருள் சில சமயம் அளவுக்கு மீறி சேர்ந்துடும். கசந்த சுரைக்காயின் சாற்றைக் குடிச்சவங்களுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி வந்து, உயிரிழப்புகளும் நம்ம நாட்டில் நடந்திருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) இதுக்காகவே நிபுணர் குழு அமைச்சு, கசக்கும் சாற்றைக் குடிக்கக் கூடாதுன்னு எச்சரிச்சிருக்கு.

வேகவெச்சாலும் இந்தக் கசப்பு போகாது. உப்பு, சர்க்கரை, தேன்னு எதைப் போட்டாலும் நஞ்சு அப்படியே இருக்கும். அதனால, நறுக்கும்போதே நுனியில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு, முழுக்காயையும் உரக்குழியில் போட்டுடுங்க. 'வளர்த்த காயாச்சே'ன்னு மனசு கேட்காதுதான், ஆனாலும் போடுங்க. அந்தக் காயிலிருந்து விதையும் எடுக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி வந்தா கை வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காம உடனே மருத்துவமனைக்குப் போயிடணும். பாகற்காயின் கசப்பு வேற, அதன் இயல்பான குணம் அது, அதைச் சாப்பிடலாம்.

வெயிலை வீணாக்காதீங்க

பங்குனி, சித்திரையில் மாடி கொதிக்கும்போது செடி வாடும், ஆனா வத்தல் போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. கொத்தவரையை உப்பு, மஞ்சள் போட்டு அரைவேக்காடா எடுத்து, வடிச்சு, துணியில் பரப்பினா மூணு நாலு வெயிலில் காஞ்சிடும். சுண்டைக்காயை லேசா தட்டி, விதை கொஞ்சம் போக அலசி, உப்புப் போட்ட புளிச்ச மோரில் ஊறவைக்கணும். மிளகாயைக் கீறி இதே மோரில் போட்டு, பகலில் வெயில், ராத்திரி மறுபடி மோர்னு மோர் முழுக்க வத்தற வரைக்கும் மாத்தி மாத்தி வைக்கணும். உடைச்சா 'படக்'னு சத்தம் வரணும். வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்கு, பூஞ்சை பிடிச்சிடும். மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, புரட்டாசி வெயிலில் டப்பாவைத் திறந்து இன்னொரு தரம் காயவைங்க. காய் குறையும் ஐப்பசி அடைமழையில் வத்தக்குழம்புக்கு வேற எதுவும் தேட வேண்டியிருக்காது.

எல்லாக் காயையும் பறிச்சுடாம, ஒவ்வொரு கொடியிலும் நல்லா திரண்ட, கசப்பில்லாத கொடியில் காய்ச்ச ஒண்ணை மட்டும் விதைக்கு விட்டுடுங்க. பீர்க்கு கொடியிலேயே முற்றி, பழுப்பாகி, குலுக்கினா கலகலன்னு சத்தம் கேட்கணும். விதையை உதிர்த்து சாம்பலில் புரட்டி அடுத்த ஆடிக்கு எடுத்து வெச்சுட்டா, மிச்சம் இருக்கிற பீர்க்கங்கூடு முதுகு தேய்ச்சுக் குளிக்க ஆச்சு.