சாந்தி பர்வம் இல்லாத பாரதம்

மகாபாரதத்தின் தத்துவம் என்றவுடன் கீதையைக் கையில் எடுப்பது இன்று ஏறக்குறைய அனிச்சைச் செயலாகிவிட்டது. இது அவ்வளவு பழைய பழக்கம் அல்ல. 1785இல் சார்லஸ் வில்கின்ஸ் கீதையை ஆங்கிலத்தில் வெளியிட்டது, 1915இல் திலகரின் கீதா ரகசியம் அச்சானது, பாரதியும் காந்தியும் தத்தம் மொழியில் அதைப் பெயர்த்தது ஆகிய நிகழ்ச்சிகளுக்குப் பிறகே படித்த வர்க்கத்துக்குப் பாரதம் என்பது பதினெட்டு அத்தியாயங்களாகச் சுருங்கியது. அதற்கு முன்பும் ஆசாரியர்களின் பாஷ்யங்கள் உண்டு. ஆனால் அவை வேறொரு வட்டத்தைச் சேர்ந்தவை. பாரதத்தைக் கேட்ட ஜனங்கள் அனைவரும் அந்த வட்டத்தில் இல்லை. அவர்கள் எதைக் கேட்டார்கள், அதிலிருந்து எந்தத் தத்துவம் அவர்களுக்குக் கிடைத்தது என்பது இன்னும் சரியாகக் கேட்கப்படாத கேள்வி.

இக்கேள்வியைப் பொதுவில் வைத்துப் பேசுவதைவிட ஒரு நிலப்பகுதியில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆண்டிமடத்தை நடுவில் வைத்துக் கொள்வோம். செம்மண்ணும் முந்திரியுமான மேட்டு நிலம். தெற்கே கங்கைகொண்ட சோழபுரம். கிழக்கே வீரநாராயணபுரம் என்று பழம்பெயர் பெற்ற காட்டுமன்னார்கோயில். கொள்ளிடம் தாண்டினால் கும்பகோணம். வடக்கே தொலைவில் எண்ணாயிரமும் செஞ்சியும். பாரதத்தைக் கற்ற மூன்று முறைகள் இந்த நிலத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டும், உரசாமலும் இருந்திருக்கின்றன.

முதலாவது, கல்லூரி முறை. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராஜேந்திரனின் எண்ணாயிரம் கல்வெட்டு, அங்கிருந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர்களைக் கணக்கிடுகிறது. இளையோர் 270, முதியோர் 70. முதியவர்களில் வேதாந்தம் பயின்றவர்கள் பத்துப் பேர். ஒரு பேரரசு தத்துவத்துக்கு ஒதுக்கிய இடம் பத்துப் பேருக்கான நெல். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அளவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, குருவின் முறை. வீரநாராயணபுரத்தில் பிறந்த ஆளவந்தாருக்குக் கீதையைச் சொல்லிவைக்க மணக்கால் நம்பி ஆறு மாதம் நாள்தோறும் தூதுவளைக் கீரை கொண்டு கொடுத்துக் காத்திருந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கீரை நின்ற நாளில்தான் கொண்டுவந்தவர் யார் என்று ஆளவந்தார் விசாரித்தாராம். கதை நடந்ததோ இல்லையோ, அது சொல்லும் உறவு உண்மையானது: அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, காத்திருந்து, நேரம் பார்த்துக் கைமாறுகிறது. இதன் பலன் கீதார்த்த சங்கிரகம், 32 சுலோகங்கள். இராமானுஜரின் கீதா பாஷ்யத்துக்கு அதுவே அடிக்கல்.

மூன்றாவது, மண்டபத்தின் முறை. இது மற்ற இரண்டையும்விட நம்மிடம் பழைய சாட்சியம் உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்த கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு நிலத்தை ஒதுக்குகிறது. விளக்குக்கும் நீருக்கும் போலவே பாரதத்துக்கும் ஒரு செலவு. மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா, பிறகு வில்லிபுத்தூரார், பிறகு பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை என்று தமிழ்ப் பாரதங்கள் வரிசையாக நிற்பதற்கு, கேட்க ஜனம் காத்திருந்ததும் ஒரு காரணம். செஞ்சியிலிருந்து கொள்ளிடக்கரை வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கி வில்லியின் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பதும், இரவில் அதே கட்டம் கூத்தாவதும் இந்த மூன்றாம் முறையின் தொடர்ச்சி. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, ஜனங்களுக்குக் கிடைத்த பாரதத்தில் எது இல்லை என்பது. வில்லி பத்துப் பர்வங்களோடு நிறுத்திவிட்டார். சௌப்திகத்துக்கு அப்பால் அவர் போகவில்லை. கீதையும் அவரிடம் சில பாடல்களில் முடிந்துவிடுகிறது. வியாசரில் தத்துவத்தின் பெரும்பாரத்தைச் சுமக்கும் சாந்தி பர்வமும் அனுசாசன பர்வமும், அம்புப் படுக்கையிலிருந்து பீஷ்மர் சொல்லும் அத்தனை உபதேசமும், வில்லியைக் கேட்டவனுக்கு இல்லை. நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பர்வங்களையும் நிரப்பினார். ஆனால் பிரசங்கிகளின் நாவில் வில்லியே நின்றார்.

அப்படியானால் தத்துவம் இல்லாத பாரதமா இது? இல்லை என்பதே என் கட்சி. உபதேசம் போன இடத்தில் கேள்வி தங்கிவிட்டது. சபையில் திரௌபதி கேட்பது ஒரு தர்க்கக் கேள்வி: தன்னைத் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று நழுவுகிறார். அந்தக் கேள்விக்கு வியாசரிலும் முழு விடை இல்லை. கூத்தில் இதுதான் துகிலுரிதல் இரவு. கண்ணன் துகில் அருளும் கட்டத்தை, புனேயின் பண்டார்க்கர் நிறுவனப் பதிப்பில் சபா பர்வத்தைப் பதிப்பித்த ஃபிராங்க்ளின் எட்ஜெர்டன் மூலத்திலிருந்து நீக்கி அடிக்குறிப்புக்கு இறக்கினார். சுவடிகளின் கணக்கில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் கண்ணன் வந்தாலும் வராவிட்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது என்பது கூத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும். அதனால்தான் பதினெட்டாம் நாள் வரை அவள் கூந்தல் அவிழ்ந்தே இருக்கிறது.

அரவானை எடுத்துக் கொள்ளுங்கள். வியாசரில் அவன் எட்டாம் நாள் போரில் சாகும் ஒரு வீரன். தமிழில் அவன் போருக்கு முந்திய களப்பலி. வெற்றி என்பது முதலில் சொந்தப் பிள்ளையைத் தின்றுவிட்டுத்தான் தொடங்குகிறது என்ற எண்ணம் இங்கே உருவமாகிறது. கர்ணன், சாகும்போது வேதியனாக வந்த கண்ணனுக்குத் தன் புண்ணியத்தையெல்லாம் தாரைவார்ப்பது வில்லியில் வருவது. வடமொழி மூலத்தில் இல்லை. பலனை விட்டுவிடு என்று கீதை சொல்வதை, பலனைக் கடவுளிடமே கொடுத்துவிட்டுச் சாகும் ஒருவன் செய்து காட்டுகிறான். அதுவும் எதிரிப் பக்கத்தில் நின்று.

பிறகு படுகளம். மண்ணால் நீளக் கிடத்தப்பட்ட துரியோதனன். தொடை பிளந்தபின் திரௌபதி கூந்தல் முடிகிறாள். சில ஊர்களில் அங்கேயே காந்தாரியின் ஒப்பாரியும் எழுகிறது. வில்லி பாடாமல் விட்ட ஸ்திரீ பர்வத்தை ஊர் தன் சாவுப்பாட்டில் மீட்டுக் கொண்டது என்று சொல்லலாம். ஜெயித்தவளின் கூந்தலும் தோற்றவனின் தாயும் ஒரே மண்ணில். அதற்குப் பிறகு பீஷ்மர் பேசுவதில்லை, தீமிதி இருக்கிறது. வியாசர் துக்கத்துக்குப் பின் விளக்கத்தை வைத்தார். ஊர் துக்கத்துக்குப் பின் உடம்பை வைத்தது.

இந்த இடத்தில் நாட்டார் மரபைத் தலையில் தூக்கி ஆடிவிட்டு முடித்துக் கொள்வது சுலபம். உண்மை அதை அனுமதிக்காது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதை மறுத்ததில் எழுந்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில் பூசைக்காகத் திறக்கப்பட்டது. சபையில் எனக்கு நியாயம் எங்கே என்று கேட்டவளின் வாசலில், அதே கேள்வியைக் கேட்டவர்கள் நிறுத்தப்பட்டார்கள். எண்ணாயிரத்தின் பத்துப் பேரை ஏளனம் செய்வதற்கு முன் மண்டபம் தனக்குப் போட்டுக்கொண்ட வேலியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேள்வியைக் கூத்தாக ஆடத் தெரிந்த ஊருக்கு, அதைத் தன்னிடமே கேட்டுக் கொள்ளும் கட்டாயம் ஏனோ ஏற்படவில்லை. சாந்தி பர்வம் இல்லாததன் விலை ஒருவேளை இதுதான். தருமன் அங்கே வெற்றியைக் கண்டு கூசி, அரசு வேண்டாம் என்கிறான். ஜெயித்தவன் தன்னைத் தானே விசாரிக்கும் இடம் அது. படுகளத்தில் அந்த விசாரணை இல்லை.

விடுபட்டது தமிழுக்கு வராமல் போய்விடவில்லை. கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் பல பண்டிதர்களைக் கொண்டு கால் நூற்றாண்டு உழைத்து, கடனிலும் நஷ்டத்திலும் விழுந்து எழுந்து, பதினெட்டுப் பர்வங்களையும் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். சாந்தி பர்வம் எழுத்தறிந்த எவனுக்கும் கிடைக்கும் பொருளானது அப்போதுதான். கீரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். விலை கொடுத்தால் போதும். ஆனால் அப்புத்தகங்கள் பூஜை அறைகளிலும் நூலக அலமாரிகளிலும் தங்கிவிட்டன. பிரசங்கியின் மேடைக்கு அவை ஏறவில்லை.

ஆகவே பாரதத்தின் தத்துவத்தைக் கற்பது என்பது நமக்கு இரண்டு பாதிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை. கீதையோடு தொடங்கி கீதையோடு முடிப்பவனுக்கு விடைகள் மட்டும் தெரியும். அவை எந்தக் கேள்விக்கான விடைகள் என்று தெரியாது. கூத்தோடு நிற்பவனுக்குக் கேள்வி தெரியும். அது தன் மேல் பாய்வது தெரியாது. பீஷ்மரின் படுக்கையருகே நிற்கும் தருமனையும், படுகளத்து மண்ணில் கூந்தல் முடிபவளையும், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனையும் ஒரே பார்வையில் கொண்டுவர முடிந்தால், அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.