செத்த சொற்களின் கிடங்கு

மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் பொறித்திருப்பது சின்னஞ்சிறு ஸம்ஸ்கிருதச் செய்யுள். விசித்திரசித்தன் என்று தன்னை அழைத்துக்கொண்ட மன்னன் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை எடுத்ததாக அது சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களில் ஒன்று. காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். சரித்திரப் பாடப்புத்தகங்கள் இந்தக் கல்வெட்டைத் தமிழ்நாட்டுக் கற்கோயில் கலையின் ஆரம்பச் சான்றாக ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது செய்யுளின் தொடக்கத்தில் வரும் நான்கு இல்லைகள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் என்று அடுக்கிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறது அது.

புதிதாக ஒன்றைச் செய்துவிட்டவனுக்கு, செய்ததைச் சொல்லச் சொல் இல்லை. 'கோயில்' என்றதும் கேட்பவன் மனசில் எழுவது செங்கல்லும் மரமும் சாந்தும். எனவே ஒவ்வொன்றாக அவற்றை மறுத்தாக வேண்டியிருக்கிறது. லக்ஷிதன் என்ற தன் விருதால் லக்ஷிதாயதனம் என்று கோயிலுக்குப் பெயரும் வைத்தான். ஆனால் அது யார் செய்தது என்பதைச் சொல்லும் பெயர். என்ன செய்யப்பட்டது என்பதை அந்த நான்கு மறுப்புகள்தாம் சொல்கின்றன. பிறகு வந்தவர்கள் கல்லில் கட்டினார்கள், கல் சாதாரணமாகிவிட்டது, இல்லைகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு பொருள் பிறக்கும்போது மொழி தடுமாறுவதை இவ்வளவு தெளிவாகப் பதிவு செய்த கல்வெட்டு வேறு எனக்குத் தெரியாது.

இதன் மறுமுனையும் இருக்கிறது. ஒரு பொருள், ஒரு அதிகாரம், ஒரு வியாபாரம் சாகும்போது அதன் சொற்கள் என்னவாகின்றன? இதைப் பார்க்க மண்டகப்பட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். அதே வட்டாரத்தில் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 1677இல் சிவாஜி கைப்பற்றி, 1698இல் மொகலாயரிடம் விழுந்து, 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயரும் பிடித்த கோட்டை. கடைசியாக வந்த ஆங்கிலேயர்கள் இங்கிருந்து எடுத்துப்போனவற்றில் சொற்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இன்று ஆங்கிலத்தில் செத்துவிட்டன.

அந்தச் சொற்களின் கிடங்கு 1886இல் லண்டனில் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னல். பர்னல் சென்னை ஸிவில் ஸர்வீஸைச் சேர்ந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 1882இலேயே இறந்துவிட்டதால் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மொஹரம் ஊர்வலத்தில் எழும் ஹசன், ஹுசைன் என்ற கூவலை வெள்ளைச் சிப்பாயின் காது வாங்கிக்கொண்ட விதம்தான் அந்தத் தலைப்பு. தவறாகக் கேட்டதையே தலைப்பாக வைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது.

மண்டகப்பட்டின் நான்காவது இல்லையிலிருந்தே தொடங்கலாம். ஸம்ஸ்கிருதத்தில் சுதா என்றால் அமிர்தம். சுண்ணாம்புச் சாந்துக்கும் அதே சொல். தமிழில் அது சுதையாகிக் கோபுரத்துப் பொம்மைகளில் நின்றுகொண்டிருக்கிறது. ஆங்கிலேயர்கள் இதே பொருளைச் 'சுனாம்' என்றார்கள். நம் சுண்ணத்துக்கும் வடக்கின் சூனாவுக்கும் உறவான சொல். கிளிஞ்சல் சுட்டெடுத்த சுண்ணாம்பைப் பளிங்குபோல இழைத்துப் பூசிய சென்னை வீட்டுத் தூண்களைப் பார்த்துப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். சிமெண்ட் வந்தது, பூச்சு போயிற்று, பூச்சோடு ஆங்கிலச் சொல்லும் போயிற்று. தமிழில் சுண்ணாம்பு சாகவில்லை. அதற்கு வெற்றிலை இருந்தது, வெள்ளையடிக்கும் பொங்கல் இருந்தது. ஒரே ஒரு காரியத்தை நம்பியிருக்கும் சொல் அந்தக் காரியத்தோடு செத்துப்போகிறது என்று இதிலிருந்து பொதுப்படச் சொல்லலாம்.

ஆனால் எல்லாச் சாவும் ஒரே மாதிரி இல்லை. அளவைச் சொற்கள் சட்டத்தால் செத்தவை. ஆங்கிலேயரின் சென்னைக் கணக்கில் எட்டு 'ஒல்லக்' ஒரு 'பட்டி', எட்டுப் பட்டி ஒரு 'மெர்கால்', ஐந்து மெர்கால் ஒரு 'பாரா', எண்பது பாரா ஒரு 'கார்ஸ்'. நம் ஆழாக்கு, படி, மரக்கால், பறை, கரிசை. கரிசைக்கு 400 மரக்கால். நாணயத்திலும் இப்படித்தான்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலேயன் வராகனைப் 'பகோடா' என்றான். இந்தியாவுக்குப் போய்ச் சீக்கிரம் பணக்காரன் ஆவதற்குப் பகோடா மரத்தை உலுக்குவது என்றும் பெயர் வைத்தான். 1818இல் சென்னையில் ரூபாய் வந்ததும் நாணயத்துக்கு வேலை போயிற்று. 1956இன் அளவைச் சட்டம் மரக்காலையும் கரிசையையும் கணக்கிலிருந்து எடுத்தது. இங்கே ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் சேர்ந்தே நோய்வாய்ப்பட்டன. வித்தியாசம், நமக்குப் பேச்சு இருந்தது. பணமும் காசும் நாணயமாக இருப்பதை விட்டுவிட்டுப் பொதுப் பொருளுக்குத் தாவிப் பிழைத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் கையிருப்பைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசு என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. நம் காசிலிருந்து போன 'கேஷ்' வேறு, சில்லறை நாணயத்தின் பெயர், அது செத்துவிட்டது.

இதே மயக்கம் செஞ்சியைச் சுற்றியும் உண்டு. நல்லெண்ணெய் டின்களில் இன்றும் அச்சாகும் 'ஜிஞ்செல்லி' என்ற சொல், செஞ்சியை ஆங்கிலேயர் எழுதிய 'ஜிஞ்ஜி'யிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ள ஊர்க்காரர்களுக்கு ஆசை வரலாம். எள் விளைகிற பூமிதான். ஆனால் சொல் அரபியில் பிறந்து போர்த்துகீஸ் வழியாக வந்தது. ஒலி ஒற்றுமையை வைத்து ஊருக்குப் பெருமை சேர்ப்பது நம்மிடம் பழைய வியாதி. சொல்லாராய்ச்சி என்ற பேரில் நடப்பதில் பாதி இதுதான்.

மூன்றாவது வகை எனக்கு அதிகச் சுவாரஸ்யமானது: செத்த ஆங்கிலச் சொல் நம் சொல்லின் பழைய அர்த்தத்தைப் பாதுகாத்து வைத்திருப்பது. 'பெட்டா' நம் பேட்டைதான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் அடிக்கடி பயன்படுத்தும் சொல் இது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே அர்த்தம்: கோட்டையை ஒட்டி, கோட்டைக்கு வெளியே இருக்கும் ஊர். போரில் முதலில் விழுவது, எரிவது, கொள்ளை போவது பெட்டா. கோட்டை விழுகிறதா இல்லையா என்பது அதற்கு அப்புறம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்து மதில் எழுப்பியவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்கள். மதிலுக்கு வெளியே நெய்தவனும் உழுதவனும் விற்றவனும் இருந்தான். இன்று தமிழில் பேட்டை என்றால் தொழிற்பேட்டை, அல்லது நம்ம பேட்டை, பேட்டை ரவுடி. அந்த எரிந்த வாசனை சொல்லில் இல்லை. ஓர்மின் செத்த ஆங்கிலத்தில் இருக்கிறது. செஞ்சி 2025இல் மராத்தியப் போர் நிலப்பரப்புகளின் ஒரு பகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்தது கோட்டை. பேட்டைக்குப் பட்டியல் கிடையாது.

குடோனும் இப்படி ஒரு விசித்திரம். மலாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போன 'கோடவுன்' என்ற சொல்லுக்குத் தமிழ்க் கிடங்கு, தெலுங்கு கிடங்கி இவற்றில்தான் மூலம் என்பது அந்த அகராதிக்காரர்களின் கட்சி. அது சரியானால், கப்பலேறிப் போன சொல் குடோனாகத் திரும்பி வந்து, வீட்டில் இருந்த சொல்லைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டது. கடைத்தெருவில் கிடங்கு என்று சொல்பவன் இன்று யார்?

துபாஷி இரண்டு மொழி தெரிந்தவன். புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) எழுதிய தினசரி இல்லையென்றால் அந்தக் காலத்தின் பாதி நமக்கு இருட்டு. கவர்னருக்கும் ஊருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் சொல்லாததை நாட்குறிப்பில் சொல்லிவைத்த மனிதர். அந்தச் சொல் ஹாப்ஸன்-ஜாப்ஸன் காலத்திலேயே பழைய அர்த்தத்தை இழந்து, துரைக்கு உடை எடுத்துக் கொடுக்கும் வேலைக்காரன் என்ற இடத்துக்கு இறங்கியிருந்தது. ஆள்கிறவனுக்கு இனி எதையும் மொழிபெயர்த்துக்கொள்ளத் தேவை இல்லாமல் போன தருணத்தை இந்த ஒரு சொல்லின் சரிவில் பார்த்துவிடலாம்.

'காஞ்சி ஹவுஸ்' என்றும் ஒரு சொல் இருந்தது. பட்டாளத்தில் தப்புச் செய்த வெள்ளைச் சிப்பாயை அடைக்கும் அறை. உள்ளே கஞ்சிதான் சாப்பாடு என்பதால் அந்தப் பெயர். சிப்பாய்க்குத் தண்டனையாக இருந்தது குடியானவனுக்கு நல்ல நாளின் ஆகாரம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அதுவும் இல்லை. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று இறக்கினார். அகராதி வந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து.

கூலி என்ற சொல்லுக்கு இங்கே வந்துதான் ஆக வேண்டும். தமிழில் கூலி வேலைக்குக் கொடுக்கும் விலை. ஆங்கிலத்தில் அது வாங்குகிறவனின் பெயர். குஜராத்தின் கோலி என்ற மக்கட்பெயரும் இதில் கலந்திருப்பதாக அகராதி சொல்கிறது. எப்படியானாலும் மொரீஷியஸுக்கு 1834 முதலும் நேட்டாலுக்கு 1860 முதலும் ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்கள் இந்தச் சொல்லாகவே இறங்கினார்கள். ஒப்பந்த முறை 1917இல் நின்றது, சொல் நிற்கவில்லை. ஒருவனுக்குத் தர வேண்டியதன் பெயரால் அவனையே அழைப்பதில் என்ன நடக்கிறது? தர வேண்டியது மறைந்துவிடுகிறது. ஆள் மட்டும் மிஞ்சுகிறான், கணக்கில் ஒரு தலையாக. வேறெந்த இலக்கண நூலும் சொல்லாத ஒரு ஆகுபெயர் இது.

இன்னொரு சொல் நம்மைப் போன்ற எழுதுகிறவர்களை நேரடியாகத் தொடுகிறது. பறை என்ற முழவிலிருந்து பறையர், அதிலிருந்து ஆங்கிலத்தில் 'பாரியா'. 1791இல் பெர்னார்தான் த ஸேன்-பியேர் தன் 'இந்தியக் குடிசை'யில் இந்த மனிதனை ஐரோப்பாவுக்குக் காட்டினார். 1821இல் தெலவீஞ் நாடகம் எழுதினார், 1824இல் கதேயின் கவிதைகள் வந்தன. பிறகு சொல் ஊரை விட்டுவிட்டது. மாக்ஸ் வேபர் யூதர்களைக் குறிக்க எடுத்துக்கொண்டார். 1944இல் ஹன்னா ஆரெண்ட் தன் கட்டுரையில் அதையே ஒரு கௌரவமான நிலைப்பாடாக மாற்றினார்: சமூகம் சேர்த்துக்கொள்ளாதவன், சேரவும் மறுப்பவன், அதனாலேயே தெளிவாகப் பார்ப்பவன்.

அந்நியன், வெளியில் நிற்பவன், ஒதுக்கப்பட்டவன் என்ற படிமங்களைத் தமிழ்ப் புதுக்கவிதை ஐரோப்பாவிலிருந்து வாங்கிக்கொண்டது. அந்நியமாதல் பற்றிச் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ பக்கங்கள் எழுதியாகிவிட்டது. அந்தப் படிமத்தை ஐரோப்பியர்கள் கட்டியபோது எடுத்துக்கொண்ட கற்களில் ஒன்று நம் ஊர்ச் சேரியிலிருந்து போனது என்பதை எத்தனை பேர் யோசித்தோம்? சேரிக்காரன் தன் ஒதுக்கத்தைத் தத்துவமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவனுக்கு அது விதிக்கப்பட்டது. விதித்தவர்கள் நம்மில் பலருடைய முன்னோர்கள். அவனை விலக்கிவிட்டு, அவன் பெயரால் ஐரோப்பா செய்த உருவகத்தை இறக்குமதி செய்து, நம் தனிமைக்குச் சூட்டிக்கொண்டோம். குடோன் கதைதான் இதுவும். ஆனால் இங்கே திண்ணைக்குத் தள்ளப்பட்டது ஒரு சொல் மட்டும் இல்லை.

இப்போது பழஞ்சொற்களைத் தோண்டி எடுத்துக் கவிதையில் பதிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நிகண்டிலிருந்தோ கல்வெட்டிலிருந்தோ ஒரு சொல்லை எடுத்து வரிக்கு நடுவில் வைத்தால் ஒரு ஆழம் வந்துவிடும் என்று நம்பிக்கை. நான் இதற்கு முழு விரோதி அல்ல. ஆனால் அந்தச் சொல் யார் கையில் இருந்தது, எதை அளந்தது, யாருக்கு அளக்க மறுத்தது என்று தெரியாமல் எடுக்கிற சொல் வெறும் பூச்சு. மண்டகப்பட்டுக்காரன் சுதை இல்லாமல் என்று சொன்னதை இந்த அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். பல்லாவரத்திலும் திருச்சி மலையிலும் அவன் வெட்டிவைத்த விருதுப் பெயர்களில் சில இன்றும் புரிந்தபாடில்லை. அவற்றால் அவனுக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. சாதாரணச் சொற்களால் ஆன நான்கு இல்லைகள் புரிகின்றன.

பறை என்ற முகத்தலளவை செத்துவிட்டது. நெல்லை அப்படி யாரும் இப்போது அளப்பதில்லை. பறை என்ற முழவு சாகவில்லை. சாவு வீட்டுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கிவைத்திருந்த நிலை மாறி, சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து அதை அடிப்பவர்களே அதைத் தங்கள் கலை என்று சொல்லி மேடையில் வைத்து அடிக்கிறார்கள். அகராதிக்காரர்கள் எழுதிய அர்த்தத்தை அவர்கள் கேட்டு அடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு இனி அர்த்தம் எழுதுவது யார் என்பதும் அதிலேயே தீர்மானமாகிவிட்டது.